சுழல்வது சுழலட்டும்

பழைய விமானங்கள் பறக்கும் நிகழ்ச்சிகளுக்குக் கேமராவோடு போகிறவர்கள் எடுத்துவரும் படங்களில் ஒரு வகைப் படம் எங்கும் காணக் கிடைக்கிறது. மேகமில்லாத வானம்; நடுவில் ஒரு ஸ்பிட்ஃபயர். உடலில் அறைந்த ரிவெட்டுகளை எண்ணிவிடலாம், விமானியின் தலைக்கவசம் தெரிகிறது, எண்ணும் எழுத்தும் துல்லியமாக விழுந்திருக்கின்றன. மூக்கில் இருக்கும் புரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நிற்கிறது. அதன் மூன்று பிளேடுகளும் தனித்தனியே, விளிம்பு கலையாமல் தெரிகின்றன. படம் சொல்வதை அப்படியே நம்பினால், அது இன்ஜின் நின்றுபோன விமானம். எடுத்தவருக்கோ அதுதான் அன்றைய நாளின் மிகக் கூர்மையான படம். பார்ப்பவர்களும் கூர்மையைத்தான் பாராட்டுகிறார்கள். கூர்மைக்குக் கொடுத்த விலை என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. புரொப்பெல்லர் சுழல்வது படத்தில் தெரிய வேண்டுமா, வேண்டாமா என்பதை ரசனை சார்ந்த சிறு விஷயமாகத் தள்ளிவிட முடியாது என்பதே என் வாதம். பழைய விமானம் ஏன் இன்னும் பறக்க வேண்டும் என்ற பெரிய கேள்விக்கு என்ன பதிலோ, அதுவேதான் இந்தச் சிறு கேள்விக்கும் பதில்.

இதைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்தின் ஓல்டு வார்டனைவிடப் பொருத்தமான இடம் அரிது. லண்டனுக்கு வடக்கே பெட்ஃபோர்ட்ஷயரில், வயல்களுக்கு நடுவே உள்ள சிற்றூர் அது. அங்கே புல்தரைதான் ஓடுபாதை. 1909-இல் வசதியான குடும்பத்தில் பிறந்து, கார் பந்தயங்களில் பேரெடுத்த ரிச்சர்ட் ஷட்டில்வொர்த், 1930-களில் தன் பண்ணை நிலத்தில் விமானத் திடல் அமைத்து, யாரும் சீந்தாமல் கிடந்த பழைய விமானங்களையும் கார்களையும் வாங்கிச் சேர்த்தார். அவற்றைத் துடைத்து வரிசையாக நிறுத்திவைப்பது அவர் நோக்கமல்ல. ஓட வைப்பதும் பறக்க வைப்பதும்தான். உலகப் போர் வந்தது. 1940 ஆகஸ்ட் 2 அன்று விமானப்படைப் பணியில் இருந்தபோது ஃபேரி பேட்டில் விமானம் விழுந்து, 31 வயதில் இறந்தார். ஒரே மகனை இழந்த தாய் டோரதி, 1944-இல் அவர் நினைவாக ஓர் அறக்கட்டளையை நிறுவினார். இன்று அந்தத் தொகுப்பில் 1909-இல் செய்யப்பட்ட ப்ளேரியோ விமானம் இருக்கிறது. தன் பழைய இன்ஜினுடனேயே இன்றும் தரையை விட்டு எழும் விமானங்களில் உலகிலேயே மூத்தது என்று அதைச் சொல்கிறார்கள். 1912-ஆம் ஆண்டின் பிளாக்பர்ன் ஒற்றைத்தட்டு விமானமும் இருக்கிறது. பறக்கும் நிலையில் உள்ள பிரிட்டிஷ் விமானங்களில் அதைவிட வயதானது வேறில்லை. முதல் உலகப் போரின் எஸ்.இ.5ஏ, சோப்வித் பப், ஏவ்ரோ 504. 1934 அக்டோபரில் இங்கிலாந்தின் மில்டன்ஹாலில் கிளம்பி, பாக்தாத், அலகாபாத், சிங்கப்பூர், டார்வின் வழியாகச் சுமார் 71 மணி நேரத்தில் மெல்பர்னை எட்டிப் பந்தயத்தை வென்ற சிவப்பு நிறக் காமெட். 1942-இன் ஸ்பிட்ஃபயர் என்று அந்த வரிசை நீள்கிறது.

இவை எப்படித் தப்பிப் பிழைத்தன என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். அந்த ப்ளேரியோ 1912-இல் விபத்துக்குள்ளாகி, லண்டனில் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் போட்டுவைக்கப்பட்டிருந்தது. பிறகு ஒருவர் அதை எடுத்துச் சீராக்கிப் பறந்தார். 1935-இல் அது ஷட்டில்வொர்த்தின் கைக்கு வந்தது. எஸ்.இ.5ஏ-யின் கதை இன்னும் சுவையானது. போர் முடிய ஒரு நாள் இருக்கும்போது, 1918 நவம்பர் 10 அன்று, ஜெர்மன் ஃபோக்கர் ஒன்றை வீழ்த்திய விமானம் அது. போருக்குப் பின் அதே ரக விமானங்கள் நூற்றுக்கணக்கில் உடைத்துப் போடப்பட்டபோது இது மட்டும் தப்பியதற்குக் காரணம், வானத்தில் புகையால் விளம்பரம் எழுதும் நிறுவனம் ஒன்று அதை வாங்கிப் பயன்படுத்தியதுதான். அதாவது, வேலை இருந்ததால் அது உயிரோடு இருந்தது. ஓல்டு வார்டனின் பல விமானங்களுக்கும் இது பொருந்தும். யாரோ ஒருவர் இன்ஜினைச் சுற்றிப் பார்த்து, கம்பியை இழுத்துப் பார்த்து, ஓட வைக்க ஆசைப்பட்டதால்தான் இவை இன்று இருக்கின்றன. இந்த வரலாற்றை அறிந்தவர், இவற்றின் படத்தில் இயக்கத்தைத் துடைத்தெறிய ஒருமுறை யோசிப்பார்.

இப்போது கணக்குக்கு வருவோம். முதல் உலகப் போர்க்கால இன்ஜின் ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1,200 சுற்று சுழல்கிறது என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு 20 சுற்று. கேமராவின் ஷட்டரை 1/2000 நொடிக்கு வைத்தால், அது திறந்திருக்கும் நேரத்தில் புரொப்பெல்லர் 3.6 பாகைதான் நகரும். படத்தில் நின்றதாகவே தெரியும். 1/1000 நொடியில் சுமார் 7 பாகை. 1/250-இல் 29. 1/125-இல் 58. 1/60 நொடி வைத்தால் 120 பாகை நகர்ந்துவிடும். மூன்று பிளேடுகள் கொண்ட ஸ்பிட்ஃபயருக்கு அந்த அளவு போதும், ஒவ்வொரு பிளேடும் அடுத்ததன் இடத்தை எட்டிவிடுவதால் முழு வட்டமும் நிரம்பிவிடும். ஸ்பிட்ஃபயரின் மெர்லின் இன்ஜின் இன்னும் வேகமாகச் சுழன்றாலும், நடுவே உள்ள பல்சக்கரங்கள் அந்த வேகத்தைப் பாதிக்கும் கீழே குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குத் தருகின்றன. ஆகவே கணக்கு பெரிதாக மாறாது. இரண்டு பிளேடு மட்டும் கொண்ட பழைய மரப் புரொப்பெல்லருக்கு முழு வட்டம் வேண்டுமானால் 1/40 நொடி வரை இறங்க வேண்டும். 400 மில்லிமீட்டர் லென்ஸைக் கையில் பிடிக்கும்போது குறைந்தது 1/400 நொடியாவது வேண்டும் என்பது புகைப்படக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் விதி. அப்படிப்பட்ட லென்ஸோடு 1/60-இல், பறந்துபோகும் பொருளை எடுப்பது எவ்வளவு கடினம் என்பது இதிலிருந்தே விளங்கும். கால்களை ஊன்றி, இடுப்பிலிருந்து உடலைத் திருப்பி, விமானம் நகரும் அதே வேகத்தில் லென்ஸும் நகர வேண்டும்; ஷட்டரை அழுத்திய பிறகும் திருப்புவதை நிறுத்தக் கூடாது. பேனிங் என்று இதைச் சொல்வார்கள். எடுத்தவற்றில் பெரும்பகுதி கலங்கித்தான் போகும். வேகமான ஷட்டரின் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துகொள்ளக் கூடியதே.

ஆனால் வேகமான ஷட்டர் எதை மறைக்கிறது என்பதை ரோட்டரி இன்ஜின் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. முதல் உலகப் போருக்கு முன்னும் பின்னும் விமானங்களில் வட்டமாகச் சிலிண்டர்கள் அமைந்த இரண்டு வகை இன்ஜின்கள் இருந்தன. ஒன்றில் சிலிண்டர்கள் விமானத்தோடு சேர்த்துப் பொருத்தப்பட்டு அசையாமல் இருக்கும். உள்ளே உள்ள தண்டு மட்டும் சுழன்று புரொப்பெல்லரைச் சுற்றும். இது ரேடியல் வகை. பிரான்ஸின் செகான் சகோதரர்கள் உருவாக்கிய நோம் இன்ஜினிலும், அதன் பின் வந்த லெ ரோன் இன்ஜினிலும் இது தலைகீழ். தண்டு விமானத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கும்; சிலிண்டர்கள் அத்தனையும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். ஆட்டுக்கல்லில் கல் நிற்கக் குழவி சுற்றுகிறது. கிரைண்டரில் குழவி நிற்கப் பாத்திரம் சுற்றுகிறது அல்லவா, அதே வேறுபாடுதான். இரும்பை இப்படிச் சுழற்றியதற்குக் காரணம் உண்டு. மெதுவாகப் பறந்த அன்றைய விமானங்களில் காற்றோட்டம் போதவில்லை. சிலிண்டர்களே காற்றைக் கிழித்துச் சுற்றியதால் அவை தாமாகவே குளிர்ந்தன. தனியாக ஒரு கனத்த சமநிலைச் சக்கரமும் தேவைப்படவில்லை. 1909 ஆகஸ்டில் பிரான்ஸின் ரைம்ஸ் நகரில் நடந்த முதல் பெரிய சர்வதேச விமானக் கூட்டத்தில், தூரப் பறத்தல் பரிசை ஆன்றி ஃபார்மன் வென்றது நோம் இன்ஜின் பூட்டிய விமானத்தில்தான். அதன் பின் பத்தாண்டுகளுக்கு வானம் ரோட்டரி இன்ஜின்களின் கையில் இருந்தது.

இப்போது இந்த இரண்டு இன்ஜின்களையும் 1/2000 நொடியில் படமெடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும். இரண்டிலும் குளிர்விக்கும் தகட்டு வரிகள் துல்லியமாகத் தெரியும். எது சுற்றும் இன்ஜின், எது சுற்றாத இன்ஜின் என்று ஒரு சாதாரண வாசகரால் சொல்ல முடியாது. அதையே 1/60 நொடியில் எடுத்தால், ரேடியலில் சிலிண்டர்கள் தெளிவாக நிற்க, முன்னால் புரொப்பெல்லர் மட்டும் கலைந்திருக்கும். ரோட்டரியில், மூக்கு உறை திறந்திருக்கும் விமானமாக இருந்தால், இன்ஜினே ஒரு சாம்பல் நிற வட்டமாகக் கரைந்திருக்கும். அந்த வட்டம்தான் அந்த விமானத்தைப் பற்றிய முதன்மையான உண்மை. ரோட்டரி இன்ஜின் பூட்டிய சோப்வித் கேமல் ஏன் வலப்புறம் அவ்வளவு சட்டெனத் திரும்பியது, திரும்பும்போது அதன் மூக்கு ஏன் கீழே சாய்ந்தது, பயிற்சியில் இருந்த இளைஞர்கள் ஏன் அதில் அத்தனை பேர் இறந்தார்கள் என்று எதைக் கேட்டாலும், அந்தச் சிறு விமானத்தின் மூக்கில் இன்ஜின் முழுவதும் ஒரு பம்பரமாகச் சுழன்றதன் விசைதான் விடையின் பெரும்பகுதி. கூர்மை என்று நாம் கொண்டாடும் படம், அந்த விசையை இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

ரோட்டரி இன்ஜினைப் பற்றிச் சொல்லும்போது விளக்கெண்ணெயை விட்டுவிட முடியாது. சிலிண்டர்கள் சுற்றிக்கொண்டே இருப்பதால், எரிபொருளோடு கலந்து கெட்டுப்போகாத எண்ணெய் தேவைப்பட்டது. பெட்ரோலில் எளிதில் கரையாத ஆமணக்கு எண்ணெய் அதற்குப் பொருந்தியது. உள்ளே போன எண்ணெய் திரும்பி வராது. சுற்றும் சிலிண்டர்களிலிருந்து தெறித்து, புகையாகவும் துளியாகவும் விமானியின் முகத்திலும் கண்ணாடியிலும் படியும். உலகில் இன்றும் ஆமணக்கை அதிகம் விளைவிக்கும் நாடு இந்தியாதான் என்பதை நினைத்தால், ஓல்டு வார்டனின் புல்வெளியில் எரிந்த விளக்கெண்ணெயின் வாசனை நமக்கு அந்நியமல்ல. இந்த இன்ஜின்களை நம் காரில் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பதுபோல் கூட்டிக் குறைத்து ஓட்டுவதும் எளிதல்ல. இறங்கும்போது விமானி ஒரு பொத்தானை அழுத்தி மின்பொறியைத் துண்டிப்பார், விடுவார், மறுபடி துண்டிப்பார். இன்ஜின் அடங்கி, உறுமி, அடங்கி வரும்; உறுமும்போதெல்லாம் நீலப் புகை கக்கும். அந்தக் கணங்களைப் படமெடுப்பவர், புகையையும் புரொப்பெல்லரின் மாறும் வேகத்தையும் ஒருசேரப் பிடித்தால்தான், இந்த இன்ஜின் எப்படி வேலை செய்தது என்று ஒரு தலைமுறைக்குப் பிறகு வருபவர் புரிந்துகொள்வார்.

இறக்கைகளைத் தாங்கும் கம்பிகளிலும் இதே பாடம் இருக்கிறது. இரட்டைத்தட்டு விமானம் தரையில் நிற்கும்போது, இறக்கையின் எடையை ஒரு தொகுதிக் கம்பிகள் மேலிருந்து தாங்குகின்றன. வானில் ஏறியதும் நிலைமை மாறுகிறது. இறக்கை விமானத்தைத் தூக்குகிறது, அதனால் எதிர்த் திசையில் செல்லும் இன்னொரு தொகுதிக் கம்பிகள் பாரத்தை ஏற்கின்றன. முதல் தொகுதி சற்றுத் தளர்ந்து அதிர்வதும் உண்டு. ப்ளேரியோவில் இன்று நாம் காணும் சிறு சிறகுத் தட்டுகள் இல்லை. திருப்ப வேண்டுமானால் இறக்கையையே கம்பியால் இழுத்து முறுக்க வேண்டும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானத்தில் எந்தக் கம்பி இறுகுகிறது, எது தளர்கிறது, துணி எங்கே உப்புகிறது என்று ஒன்றும் தெரியாது. பறக்கும் விமானத்தின் நல்ல படத்தில் அது தெரியும். எனவே விமானத்தைப் பறக்கவும் விட்டு, படத்தில் அதை நிற்கவும் வைத்துவிட்டால், அருங்காட்சியகக் கூடத்தில் கட்டணமின்றிப் பொறுமையாக எடுத்திருக்கக் கூடிய படத்தையே பெரும் செலவில் மறுபடி எடுத்தவர்களாகிறோம்.

இந்தக் கண்ணோட்டத்தோடு போகிறவருக்கு அந்த ஒரு நாளின் திட்டமே மாறிவிடுகிறது. காலையில் விமானக் கொட்டகைகளுக்கு முன் இன்ஜின்களைச் சூடாக்குவார்கள். தரையில் நிற்கும் விமானத்தின் புரொப்பெல்லர் சுழலும் நேரம், மெதுவான ஷட்டருக்குக் கைப்பழக்கம் கொள்ள அதைவிட நல்ல வாய்ப்பில்லை. நடுப்பகல் வெயிலில் புல்வெளிமேல் கானல் அலையும். நீண்ட லென்ஸில் அது எல்லாவற்றையும் நெளிய வைக்கும். உச்சி வெளிச்சத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஐ.எஸ்.ஓ. 100-இல், லென்ஸின் துளையை எஃப்/16 வரை சுருக்கினாலும் ஷட்டர் 1/100 நொடி அளவில்தான் நிற்கும். 1/60-க்கு இறங்கத் துளையை மேலும் சுருக்கினால் படம் மங்கத் தொடங்கும், சென்சாரில் ஒட்டிய தூசியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். வெளிச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி வடிகட்டியைப் பூட்டுவது நல்லது. மாலையில்தான் எல்லாம் கூடிவரும். 1914-க்கு முந்தைய விமானங்கள் மெல்லிய காற்றையும் தாங்காதவை. 25 குதிரைத்திறன் அளவே உள்ள மூன்று சிலிண்டர் ஆன்சானி இன்ஜினோடு ப்ளேரியோ காற்றோடு மல்லுக்கட்ட முடியாது. அதனால் காற்று அடங்கும் அந்தி நேரத்தில்தான், அதுவும் அடங்கினால் மட்டும்தான், அவற்றை வெளியே கொண்டுவருவார்கள். ப்ளேரியோ ஓடுபாதையின் மேலேயே நேர்கோட்டில் சிறு தாவலாக எழுந்து இறங்கும், அவ்வளவுதான். சாயும் வெளிச்சத்தில் மெதுவான ஷட்டருக்குத் தடையே இல்லை. ஓல்டு வார்டனில் பார்வையாளர் வரிசை வளைந்து செல்வதால், விமானங்கள் கூட்டத்தைச் சுற்றி வளைந்து, முதுகைக் காட்டிச் சாய்ந்து பறப்பதும் அங்கே எளிதாகக் கிடைக்கிறது.

இதற்கு எழும் மறுப்புகளில் முதலாவது நியாயமானது: துல்லியம்தானே ஆவணம்? கலைந்த படத்தில் என்ன ஆவண மதிப்பு? துணியின் தையல், கம்பிகளின் முடிச்சு, ஒட்டுப் போட்ட இடம் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேகமான ஷட்டர் தேவை என்பதை ஏற்கிறேன். பழுதுபார்ப்பவருக்கும் விபத்தை ஆராய்பவருக்கும் அப்படங்களே பயன்படும். ஆனால் அந்த விவரங்களில் பெரும்பாலானவற்றைத் தரையில், அருகில் நின்று, இதைவிட நன்றாகவே எடுக்கலாம். வானில் மட்டுமே கிடைப்பது இயக்கம். மேலும் நான் கேட்பது கலங்கிய படத்தை அல்ல. விமானத்தின் உடல் கூர்மையாகவும், சுழல்வது மட்டும் சுழல்வதாகவும் இருக்கும் படத்தை. இரண்டும் ஒன்றல்ல, முன்னது கைநடுக்கம், பின்னது கைத்திறன். ஜெட் விமானங்களில் புரொப்பெல்லரே இல்லை. அவற்றுக்கு 1/1000 நொடி வைப்பதில் எந்தத் தவறும் இல்லை. காலையில் வைத்த அமைப்பை மாற்றாமல் எல்லா விமானத்துக்கும் அதையே பயன்படுத்துவதுதான் பிழை.

இரண்டாவது மறுப்பு தத்துவம் சார்ந்தது. கேமரா எடுப்பது எதுவும் கண் காண்பது அல்ல. 1/60 நொடியின் வட்டமும் ஒரு செயற்கைதானே, 1/2000-இன் உறைவு மட்டும் ஏன் குற்றம்? பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஜாக் ஆன்றி லார்த்திக் 1910-களில் எடுத்த பந்தயக் கார் படம் இதற்குப் பதில் சொல்கிறது. அவரது கேமராவின் ஷட்டர் ஒரு சிறு பிளவாகப் படத்தட்டின் குறுக்கே நகர்ந்ததாலும், அவர் காரைத் தொடர்ந்து கேமராவைத் திருப்பியதாலும், அதில் சக்கரம் முட்டை வடிவில் முன்னோக்கிச் சாய்ந்திருக்கிறது; வேடிக்கை பார்த்தவர்கள் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறார்கள். உலகில் எந்தச் சக்கரமும் அப்படி இருந்ததில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்ப்பவர் யாரும் காரின் நிலையைத் தவறாகப் புரிந்துகொள்வதில்லை. அது பாய்ந்து போகிறது என்பதில் ஐயமே எழாது. எல்லாப் படமும் எதையாவது மாற்றுகிறது என்பது உண்மைதான். மாற்றம் பொருளின் இயல்பைப் பற்றிப் பார்ப்பவரைச் சரியான முடிவுக்குக் கொண்டுபோகிறதா, தவறான முடிவுக்கா என்பதே உரைகல். இந்த உரைகல்லில் செல்பேசிக் கேமராவும் தேறாது: சென்சாரின் வரிகளை ஒவ்வொன்றாகப் படிப்பதால் அதில் பிளேடுகள் வளைந்து, சில வேளை தண்டை விட்டுத் தனியே மிதப்பதாகக்கூட விழுகின்றன.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. அது படத்தைப் பற்றியதே அல்ல. இயக்கம் அவ்வளவு முக்கியம் என்று படமெடுப்பவர்கள் கொண்டாடுவதால்தானே, திரும்பக் கிடைக்காத விமானங்களை ஆபத்துக்கு உள்ளாக்கிப் பறக்க விடுகிறார்கள்? 1996 ஜூலை 21 அன்று மான்செஸ்டர் அருகே பார்ட்டனில் நடந்த நிகழ்ச்சியில், அப்போது பிரிட்டனில் பறந்துகொண்டிருந்த ஒரே மஸ்கீட்டோ விமானம் விழுந்து நொறுங்கியது. அதிலிருந்த இருவரும் இறந்தார்கள். 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோர்ஹமில் 1950-களின் ஹண்டர் ஜெட் சாலையில் விழுந்து, வாகனங்களில் போனவர்களும் சாலையோரம் நின்றவர்களுமாக 11 பேர் உயிரிழந்தார்கள். 2022 நவம்பரில் அமெரிக்காவின் டல்லஸில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானங்கள் இரண்டு மோதி 6 பேர் மாண்டனர். இந்த மரணங்களுக்கு முன்னால் எந்தப் படத்தின் அழகையும் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது. ஷோர்ஹம் விபத்தில், வளையம் போட்ட விமானம் உச்சியில் போதிய உயரத்தை எட்டவில்லை என்று விசாரணை கண்டது. அதன் பின் பிரிட்டனில் விதிகள் இறுகின. கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரம் கூடியது. படம் சிறிதாகிறது, இன்னும் நீளமான லென்ஸ் தேவைப்படுகிறது என்று புகைப்படக்காரர்கள் சிலர் குறைப்பட்டது எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தூரம் இன்னும் கூடினாலும் வரவேற்கத்தான் வேண்டும்.

எல்லாம் பறக்க வேண்டும் என்பதும் என் வாதமல்ல. ரைட் சகோதரர்களின் 1903 விமானம் வாஷிங்டனிலும், 1919-இல் அட்லாண்டிக்கை நிற்காமல் கடந்த அல்காக், பிரௌன் இருவரின் விக்கர்ஸ் விமி லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் அசையாமல் இருப்பதே சரி. வரலாற்றில் ஒரே ஒரு முறை நடந்த நிகழ்ச்சிகளின் சாட்சிகள் அவை. ஆனால் எதையுமே பறக்க விடாத உலகில் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மஸ்கீட்டோவின் உடல் மரத்தாலானது. மெல்லிய பலகைகளை அச்சின் மேல் வளைத்து ஒட்டிச் செய்வது. அந்த வேலை தெரிந்தவர்கள் குறைந்துபோன பிறகு, நியூசிலாந்தில் அச்சுகளையே புதிதாகச் செய்து, ஒட்டும் முறையை மறுபடி கற்று, 2012-இல் ஒரு மஸ்கீட்டோவை வானில் ஏற்றினார்கள். பறக்க வேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாதிருந்தால் அந்தத் தொழிலறிவு திரும்பி வந்திருக்காது. காட்சிக்கு வைப்பதற்கு இவ்வளவு துல்லியமான ஒட்டு தேவையில்லை. லெ ரோன் இன்ஜினைத் தட்டியெழுப்பும் கைப்பக்குவமும் அப்படித்தான், ஒருவர் பார்க்க இன்னொருவர் செய்தால்தான் கைமாறும். ப்ளேரியோவைச் சிறு தாவலோடு நிறுத்திக்கொள்வதும், காற்றடித்தால் கொட்டகையை விட்டே எடுக்காததும், பறத்தலையும் பாதுகாப்பையும் எப்படி இணைக்கலாம் என்பதற்கு நல்ல முன்மாதிரிகள்.

இது தொலைதூரத்து இங்கிலாந்தின் கதை மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 79, 234, 264 ஆகிய அணிகள் ‘மதராஸ் பிரசிடென்சி’ என்ற அடைமொழியைத் தாங்கின; சென்னை மாகாணத்தில் திரட்டிய போர் நிதிக்கான நன்றி அது. அவற்றில் 234-ஆம் அணி ஓட்டியது ஸ்பிட்ஃபயர். இந்திய விமானப்படையும் டைகர் மாத், ஹார்வர்டு, டகோட்டா போன்றவற்றைப் பறக்கும் நிலைக்கு மீட்டிருக்கிறது. 2018-இல் பிரிட்டனிலிருந்து பறந்து வந்த அந்த டகோட்டா, 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் படைவீரர்களை இறக்கிய டகோட்டாக்களின் நினைவாகப் பேணப்படுகிறது. அதன் இரண்டு புரொப்பெல்லர்களுக்கும் பிளேடுகள் மும்மூன்றுதான். மேலே போட்ட கணக்கு அதற்கும் பொருந்தும்.

கடைசியாக ஒரு மறுப்பு, இப்போதுதான் வலுத்து வருவது: இவ்வளவு பாடு எதற்கு, 1/2000-இல் கூர்மையாக எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணினியில் புரொப்பெல்லரைச் சுழற்றிவிட்டால் ஆகாதா? அதற்கான மென்பொருள்கள் கிடைக்கின்றன, பலர் செய்கிறார்கள், மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசமும் தெரியாது. இங்கேதான் என் வாதத்தின் சோதனை இருக்கிறது. வேகத்தின் அழகு மட்டுமே வேண்டுமென்றால் கணினி வட்டம் போதும். ஆனால் உண்மையான கலைவு ஓர் அளவீடு. ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்ததாகக் கேமரா குறித்துவைத்திருக்கிறது. ஏவ்ரோ 504-இன் படத்தில் பிளேடின் அகலத்தைக் கழித்தபின் 58 பாகை கலைந்திருக்கிறது என்றால், இன்ஜின் நிமிடத்துக்கு 1,200 சுற்றில் ஓடியது என்று யாரும் கணக்கிட்டுவிடலாம். அதே விமானம், பொத்தான் அழுத்தி இறங்கும் கணத்தில் எடுத்த அடுத்த படத்தில் அந்தக் கலைவு 43 பாகையாகச் சுருங்கியிருந்தால், சுற்று 900-க்கு இறங்கிவிட்டது. நூறாண்டு கடந்த இன்ஜின் ஒன்றை அதன் விமானி எப்படிக் கையாண்டார் என்பது அந்த இரண்டு படங்களுக்கு இடையில் பதிவாகியிருக்கிறது. கணினியில் வரைந்த வட்டத்தில் அளக்க எதுவும் இல்லை.